தொரசாணி ரெண்டு குட்டி போட்டிருக்கா

சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, யாரோ ஒருவன் கடிதத்தில் ஒரு "ல"வை "ள" ஆக்கிக்கொண்டிருக்கிறார் செல்வரத்தினம். எழுதியவன் தடுப்பு முகாமில் கிடக்கிறான். அவனுக்கு இப்போது அவசரமாக வேண்டியது எழுத்துப்பிழைத் திருத்தம்தான், பாருங்கள்!

யட்டவத்த ஊரில் அரசாங்கக் கந்தோர் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு வெளிநாட்டு நிவாரணச் சங்கத்தின் மாத்தளைத் தொண்டர். சண்டையில் பிரிந்தவர்களுக்கும் பிடிபட்டவர்களுக்கும் வீட்டுச் சேதி கொண்டுபோய்க் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. உறையில்லாத ஒற்றைத் தாள். குடும்பச் சேதி எழுதலாம், அரசியல் கூடாது. விதியில் குற்றமில்லை. அது இந்த மனுஷன் கையில் அகப்பட்டதுதான் கேடு.

சங்கம் கொடுத்த கையில்லாத வெள்ளை மேலங்கியை மீன் வாங்கப் போகும்போதும் கழற்றமாட்டார். "என்ன சேர், பாரை மீனுக்கும் நிவாரணமா?" என்று மீன்கடை மர்சூக் கேட்டால் காது கேட்காது. "செல்வம் ஐயா" என்று கூப்பிட்டால் மட்டும் உடனே கேட்கும்.

"செல்வரத்தினம். முழுசா சொல்லிப் பழகுங்க."

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் பின்தெருவில் ஓர் அறையில் மேசை போட்டு உட்காருவார். தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து இரத்தினம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து நிற்பாள். கொழும்புச் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்த அவள் மகன் செல்லச்சாமியைச் சுற்றிவளைப்பில் ஆமி அள்ளிக்கொண்டு போய் ஒன்றரை வருஷம். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்வாள், இவர் எழுதுவார். அவள் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் எழுதுவார்.

"தொரசாணி ரெண்டு குட்டி போட்டிருக்கான்னு எழுதுங்கய்யா."

"யாரது தொரசாணி?"

"எங்க ஆடுங்க. தொர பொஞ்சாதி மாதிரி மினுக்கி நடக்கும். எம்மகன்தான் பேரு வச்சான்."

"ஆட்டுக்குத் தொரசாணியா? ஆமிக்காரன் படிச்சா என்ன நெனைப்பான்? ரெண்டு குட்டின்னா ரெண்டு குண்டும்பான்! அதெல்லாம் வேணாம்."

எழுதியது இதுதான்: "இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்." லயத்துக் கூரை ஒழுகுவதும் நலம், அவள் முழங்கால் வீக்கமும் நலம். "வேளைக்குத் தின்னுடா மூதேவி" என்று அவள் அழுதுகொண்டே சொன்னதும் நலம்தான். சங்கத்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, ஆடு மாடெல்லாம் எழுதலாம், அந்தத் தாய் சொல்கிறபடியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். "அவளுக்கு நம்ம நாட்டு நெலவரம் என்ன தெரியும்?" என்றார் இவர்.

போன செவ்வாய், காணாமற்போன என் தம்பியைத் தேடும் படிவம் நிரப்ப நானும் அங்கே போயிருந்தேன். செல்லச்சாமியின் பதில் வந்திருந்தது. செல்வரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"அம்மா உயிரோட இருக்காங்களா? மறைக்காம சொல்லுங்க. நாலு கடுதாசி வந்திச்சு, ஒன்னுலயும் எங்கம்மா பேச்சே இல்ல. நான் சோத்துல கை வச்சு மூனு நாளாச்சு."

இரத்தினம்மா இரண்டு கையாலும் மேசையில் அறைந்தாள்.

"ஐயோ, எம்புள்ள! தொரசாணி குட்டி போட்டிருக்கான்னு எழுதுங்கய்யா! அத என்னைய விட்டா வேற யாருய்யா சொல்லுவா? அது ஒன்னு போதும், நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்!"

செல்வரத்தினத்தின் முகம் கறுத்துப்போயிற்று. அந்தத் தாளை மறுபடியும், உதடு அசைய, மெல்ல வாசித்தார். அப்பாடா, கடைசியில் மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நம்பினேன், முட்டாள் நான்.

பேனாவை எடுத்தார். மூடியைப் பல்லால் கழற்றினார். செல்லச்சாமியின் தாளில் "உயிரோட" என்பதைச் சிவப்பால் அடித்து, அதற்கு மேலே "உயிரோடு" என்று எழுதினார்.