அப்ப யாரு வருவாங்க?

அன்னக்கொடி திருநகரில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பிள்ளைகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, மூக்குத் துடைப்பது, டிபன் டப்பாவைத் திறந்து கொடுப்பது, பன்னிரண்டரைக்கு வாசலில் நின்று ஒவ்வொருவரையாக ஒப்படைப்பது எல்லாம் அவள் வேலை.

ஜூன் மாதம் எல்.கே.ஜி. அறையில் ஒரே கூப்பாடாக இருக்கும். அழுகையை நிறுத்த அன்னக்கொடிதான் கெட்டிக்காரி என்று பெயர். அவள் செய்வதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்வாள்: "அழுதா அம்மா வர மாட்டாங்க." பிள்ளை விம்மி விம்மி அடங்கிவிடும். தன் இரண்டு பிள்ளைகளையும் அவள் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாள். அதில் தப்பிருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

2019-இல் பவதாரிணி வந்து சேர்ந்தாள். நாலு வயது. அம்மா தமிழ்வாணிக்குத் தாலுகா ஆபீசில் வேலை. முதல் நாள் மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். தங்கமான பிள்ளை என்றார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் சில நேரம் திரும்ப மாட்டாள். பிறகு அவள் பையிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. அன்னக்கொடி கவிழ்த்துப் பார்த்தாள். காய்ந்த இட்லித் துண்டுகள், நமுத்த பிஸ்கட், எறும்பு. தட்டிவிட்டுக் கழுவி வைத்தாள். மறுவாரமும் அப்படியே. ஆகஸ்டில் ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் அவித்த முட்டை காணாமல் போய், இவள் சாக்ஸுக்குள் நசுங்கிக் கிடந்தது. அன்னக்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இம்புட்டு வயசுல திருட்டா? இரு. இன்னைக்கு உங்கம்மா வர மாட்டாங்க. உன்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருவாங்க."

பிள்ளை அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, மதியம் என்ன சோறு என்று கேட்பதுபோல் கேட்டது.

"அப்ப யாரு வருவாங்க?"

"யாராச்சும் வருவாங்க, போ" என்றாள் அன்னக்கொடி.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணி கேன் போடும் சங்கிலி வந்தான். கேன்களை இறக்கிவிட்டு வாசலுக்குப் போனவனின் விரலை ஒரு சின்னக் கை பிடித்தது. முதுகில் பை, இடது கால் ஷூ வலது காலில்.

"போலாமா?" என்றாள் பவதாரிணி.

சங்கிலி சிரித்துவிட்டான். "அக்கா, இந்தப் பாப்பா எங்கூட வாராளாம்!"

விளையாட்டு என்று நினைத்து அவன் தன் கேன் வண்டியின் கதவைத் திறந்துவிட, அவள் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தமிழ்வாணியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அம்மாவைப் பார்த்தும் பிள்ளை இறங்கவில்லை. யாரோ தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

தமிழ்வாணி வண்டியின் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாரும் எதுவும் சொன்னீங்களா இவகிட்ட? சொல்லுங்க."

"சின்னப் பிள்ளைதானே மேடம், வண்டியப் பார்த்து ஆசைப்பட்டிருக்கும்" என்றார் பள்ளியை நடத்தும் பெரிய மிஸ்.

அன்னக்கொடி வாய் திறக்கவில்லை.

மறுநாள் பெரிய மிஸ் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். பவதாரிணி ஒரு காப்பகத்தில் வளர்ந்தவள்; கிடைத்த சாப்பாட்டைப் பதுக்கி வைப்பது அங்கே பழகியது. தமிழ்வாணி தத்தெடுத்து, இந்தப் பேரை வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் வேறொரு குடும்பம் கூட்டிப்போய், இரண்டே மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து காப்பக ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்து, "இரு, இப்ப வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. வெளியே தெரிந்தால் பிள்ளையை ஒருமாதிரி பார்ப்பார்கள் என்றுதான் தமிழ்வாணியும் அவரும் யாரிடமும் சொல்லவில்லையாம்.

ஒரு வாரம் கழித்துத் தமிழ்வாணி டி.சி. வாங்கிக்கொண்டு போனாள்.

பிள்ளை கேட்ட அந்தக் கேள்வி மட்டும் அன்னக்கொடியை விட்டுப் போகவில்லை. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பிள்ளை நின்றால் போதும், கூட வந்தவர்கள் யாரென்று தெரிகிறவரை அன்னக்கொடி தன் பஸ்ஸை விட்டுவிடுவாள். ஊரடங்கில் பள்ளியைப் பெருக்க வாரம் ஒருமுறை வருவாள். காலி அறை, குட்டி நாற்காலிகள். பின்னால் யாரோ பையை மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பள்ளி திறந்த பிறகு, புதிய ஆயா முத்துமீனா ஒரு பிள்ளையிடம் அதே வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தபோது, அன்னக்கொடி ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

2024 மே மாதம், மகளின் வருமானச் சான்றிதழ் விஷயமாகத் திருமங்கலம் தாலுகா ஆபீசுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் தமிழ்வாணி. வந்த வேலையை விட்டுவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள் அன்னக்கொடி.

"தெரியும் ஆயாம்மா" என்றாள் தமிழ்வாணி. "அன்னைக்கு வீட்டுக்குப் போனதுமே அவ சொல்லிட்டா. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன்."

"தத்தெடுத்த பிள்ளைன்னு எனக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா..."

"சொல்லியிருக்கணும். அது எங்க தப்புதான். ஆனா பெத்த பிள்ளைன்னா அப்படிச் சொல்லலாமா?"

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப எப்படி இருக்கா?" என்றாள்.

"மூணாவது முடிச்சிருக்கா. நல்லாப் படிக்கிறா. ஆனா எதையும் கேக்க மாட்டா. நோட்டு தீர்ந்தாக்கூட நானாத்தான் பார்த்து வாங்கணும்."

"ஒருதரம் வந்து பார்க்கட்டுமா?"

"வேண்டாம்." அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். "உங்க ஸ்கூல்ல இதைச் சொன்னீங்களா? அதைச் செய்யுங்க."

பள்ளி திறக்கும் முன் நடந்த கூட்டத்தில் அன்னக்கொடி எழுந்து நின்று சொன்னாள். தான் சொன்னது, பிள்ளை கேட்டது, வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்றுவிடாமல். பெரிய மிஸ்ஸின் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் அந்த வருஷம் காப்பகத்திலிருந்து சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி, காப்பகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு, மிஸ்களையும் ஆயாக்களையும் உட்காரவைத்து அவரே பேசினார். இன்றைக்குக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதைக் காலையிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொல்லிச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது முத்துமீனா பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பழைய ஸ்கூல்ல நானும் அம்புட்டுப் பிள்ளைககிட்டயும் அதையே சொல்லியிருக்கேன். அதுல யாரு எப்படிப்பட்ட பிள்ளையோ?"

அன்னக்கொடிக்கு அங்கே பதினாறாவது வருஷம். திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜூனாக, ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். பாதிப் பிள்ளைகளின் பேரே நினைவில் இல்லை.