மச்சானின் ஈரலில் இல்லாத குடி

உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் ஈரலைக் கீறுவேன். ஆனால் என் மனைவியின் தம்பியின் ஈரலைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய்.

மச்சான் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். சாப்பிட்டு எழும்பினால் முகமும் கழுத்தும் சிவந்து கறுத்துவிடும். அடிக்கடி வயிற்றாலும் போகும். "உடம்பு கொதிக்குது அத்தான்" என்பான். ஒருநாள்கூட அவன் வாயை மணந்து பார்க்காமலே குடிதான் என்று முடிவெடுத்தேன். "முதல் அவதானியுங்கோ, பிறகு முடிவெழுதுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும் இதே வாய்தான்.

அவனுடைய மகளுக்கு நல்லூரில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க என்னிடம் வந்தார்கள். படித்த மனிதர் மறைக்கமாட்டார் என்ற நம்பிக்கை. தகப்பன் எப்படி என்று கேட்டார்கள்.

"நல்ல உழைப்பாளி. பின்னேரத்திலைதான் கொஞ்சம்..." என்று நிறுத்தினேன். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். சம்பந்தம் குழம்பியது. குழப்பினது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மச்சான் வீட்டுக்குப் போய் ஆறுதல் வேறு சொன்னேன்.

அடுத்த வருடம் ஸ்கானில் அவனுடைய ஈரலில் கட்டி தெரிந்தது. "பார்த்தீரோ?" என்றேன் மனைவியிடம். வார்டில் டொக்டர் அவனைப் பார்த்து "குடிப்பீங்களோ?" என்று கேட்க, நான் முந்திக்கொண்டு "ஓம்" என்றேன். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அக்காவின் புருசனை மறுத்துக் கதைத்துப் பழக்கமில்லாதவன்.

ஊசியால் ஈரல் சதை எடுத்துச் சோதித்த அறிக்கை வந்தது. நரம்புசார் அகஞ்சுரக்கும் கட்டி, அரிதானது என்றிருந்தது. குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. விடைத்தாளில் பிழை பிடிக்கிற வேகத்தில் ஆய்வுகூடத்துக்கே போய்விட்டேன். நோயியல் வைத்தியருக்கு என் மகளின் வயதிருக்கும். பொறுமையாகச் சொன்னார்.

"ஒரே அளவான சின்ன உயிர்க்கலங்கள், கூட்டம் கூட்டமா. கலக்கருவுக்குள்ளை உப்பும் மிளகும் தூவினமாதிரி. விசேட சாயம் போட்டும் பார்த்திட்டம். உது ஓமோன் சுரக்கிற கட்டி. முகம் சிவக்கிறதும் வயித்தாலை போறதும் அதாலைதான். கூடுதலா உது குடலிலை தொடங்கித்தான் ஈரலுக்கு வரும். வேறையெங்கையும் தேடிக் காணாட்டித்தான் ஈரலிலையே பிறந்தது எண்டு சொல்லுவம்."

"ஆனா ஆள் குடிக்கிறவர்," என்றேன்.

"வார்டிலையிருந்து வந்த படிவத்திலையும் அப்பிடித்தான் கிடந்தது. அதுதான் கட்டியைச் சுத்தியிருக்கிற ஈரலையும் வடிவாப் பார்த்தனான். தழும்புமில்லை, கொழுப்புமில்லை. உங்கடை ஈரலைவிட நல்லாயிருக்கும் சேர்."

பகிடிக்குத்தான் சொன்னார். கனடாவிலிருந்து மருமக்கள் கொண்டுவருகிற விஸ்கிப் போத்தல்களை முதலில் உடைப்பவன் நான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

குடலிலும் நுரையீரலிலும் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மச்சான் தப்பினான். அவன் எழும்பி இருந்து கஞ்சி குடித்த அன்று, அந்தச் சம்பந்தம் என்னால்தான் குழம்பியது என்று சொல்லிவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ. பிறகு நீங்கள் எங்கை சாப்பிடுறது?" கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தான். "ஆனா பிள்ளைக்குச் சொல்லவேணும் அத்தான்."

சொன்னேன். வார்டில் முந்திக்கொண்டு "ஓம்" என்றதையும் சொன்னேன். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா குடிச்சதை எப்பவாவது கண்டனீங்களோ மாமா?"

"இல்லைப் பிள்ளை."

"மணமாவது?"

"இல்லை."

என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அதற்குச் சில பதில்களும் தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் கையைத் துடைத்துவிட்டு, மச்சானைக் கூட்டிப்போகிறவன் என்று என்னிடமிருந்த கிளினிக் கொப்பியையும் அறிக்கைகளையும் வாங்கினாள்.

"இனி கிளினிக்குக்கு அப்பாவோடை நான் போறன். டொக்டர் கேட்டால் அவரே மறுமொழி சொல்லட்டும்."