அந்தோணியார் பலகையில் பன்னிரண்டு ஜோடி சப்பாத்து

1. முதல் நாள்

வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பதினொரு வெள்ளைக்காரர்களை வெறுங்காலோடு நடுத்தெருவில் நிற்க வைத்தவன் நான். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள், "அண்ணே, நீங்க தப்பே பண்ணதில்லையா?" என்று கேட்கிறார்கள். இதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்று இருந்தது. அங்கே வருவதற்கு முன் கப்பல்களுக்குக் கரிக்கூடை தூக்கிக்கொண்டிருந்தேன். இரவுப் பள்ளியில் படித்த இங்கிலீஷ் கொஞ்சம் வாயில் வரும் என்பதால் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் பெரிய கிராணி, ஞானப்பிரகாசம் என்னை எடுத்தார். எடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"முருகையா, மொத ட்ரிப்ப ஒழுங்கா முடிச்சா வேல நிரந்தரம். ஒரு ஆளு கப்பல மிஸ் பண்ணாலும் நீ கரிக்குத் திரும்பிடணும் லா. பெறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

எனக்கு அப்போது பெண் பார்த்து வைத்திருந்தார்கள். ஆபீஸ் உத்தியோகம் என்றால் பெண், கரிக்கூடை என்றால் இல்லை என்று பெண்ணின் அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணமும் அந்த ட்ரிப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டி வெறுங்காலோடு போகக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். என்னிடம் சப்பாத்து கிடையாது. பெரிய கிராணி தன்னுடைய கறுப்புச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தார். நடந்தால் கிறீச் கிறீச்சென்று கத்தும்.

"பத்தரமா கொண்டாந்து குடு. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போடுறது" என்றார்.

2. படக்கூடம்

காலையில் தண்ணீர்மலைக் கோயில். அடிவாரத்திலேயே எல்லாரையும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார்கள். மலை ஏறி இறங்கி, மாட்டிக்கொண்டு மூன்று மோட்டாரில் ஏறினார்கள். ஒரு குறையும் இல்லை.

அடுத்தது ஊருக்குள் கிறிஸ்தவர்கள் கட்டிய பழைய வேதக்கோயில். நூறு வருஷத்துக்கு மேலானது. அதன் பின்பக்கம் இரண்டு அறைகளில் படக்கூடம் வைத்திருந்தார்கள். கோவாவிலிருந்தும் மக்காவோவிலிருந்தும் கப்பலில் வந்த எண்ணெய்ச் சாயப் படங்கள், தந்தத்தில் செதுக்கிய சுரூபங்கள், சரிகை வேலைப்பாடு கொண்ட பழைய பூசை உடுப்புகள் எல்லாம் அங்கே உண்டு. கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன்தான் அதைத் துடைத்துப் பெருக்கிச் சாவி வைத்திருப்பவர். நான் சைவக்காரன், எனக்கு ஒரு புனிதரையும் தெரியாது. அதனால் முந்தின வாரமே மூன்று நாள் அவரிடம் போய்ப் பாடம் படித்திருந்தேன். முன்வாசலில் நுழைந்தால் முதல் படம் சாவியோடு இராயப்பர், இரண்டாவது அம்பு தைத்த செபஸ்தியார், மூன்றாவது தராசு பிடித்த மிக்கேல் சம்மனசு என்று வரிசையாக ஒன்பது படம். முகத்தைப் பார்த்துப் படிக்கவில்லை, வரிசையை மனப்பாடம் செய்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல். சவரிமுத்து அண்ணன் சாவியைக் கையில் கொடுத்து, "தம்பி, பக்கவாசல் வழியா கூட்டிட்டுப் போ, அங்க கூரை இருக்கு. நான் மணியடிக்கப் போறேன்" என்று ஓடினார்.

பக்கவாசல் ஓரத்தில் அந்தோணியார் சுரூபம். அதன் கீழே நீளமான ஒரு மரப்பலகை, துடைத்துச் சுத்தமாகக் காலியாக இருந்தது. ஊர்த் தமிழ்ச் சனங்கள் அந்தக் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் எப்படிப் போவார்கள் என்று பார்த்ததில்லை. கோயில் என்றால் கோயில்தானே!

"சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றேன்.

மூக்குக்கண்ணாடி போட்ட உயரமான துரைசானி ஒருத்தி, "எங்கள் ஊர் தேவாலயத்தில் நாங்கள் சப்பாத்தோடுதானே போவோம்?" என்று கேட்டாள்.

"அது உங்கள் ஊர், அம்மா. இது இந்த ஊர் வழக்கம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

கழற்றினார்கள். தரை ஈரம், துரைசானிகளின் வெள்ளைச் சப்பாத்து நனைந்துவிடுமே என்று பதினொரு ஜோடியையும் நானே எடுத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தேன். கடைசியில் பெரிய கிராணியின் சப்பாத்து. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

உள்ளே போனோம். பக்கவாசலில் நுழைந்ததால் வரிசை தலைகீழாகிவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் படத்தைக் காட்டி, "இவர் இராயப்பர், பரலோகத்துச் சாவி இவரிடம்தான்" என்று முழங்கினேன்.

"சாவி எங்கே?" என்றாள் மூக்குக்கண்ணாடி துரைசானி.

பார்த்தேன். தட்டில் இரண்டு கண்களை ஏந்திய ஒரு பெண். வேர்த்துவிட்டது. "சாவி உள்ளே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தேன். நாயோடு நின்ற ஒருவரைச் செபஸ்தியார் என்றேன். "அம்பு?" என்றார் ஒரு துரை. "நாய் பிடுங்கிவிட்டது" என்றேன். பதினொரு பேரும் சிரித்து உருண்டார்கள். நான் ஒழுங்காகச் சொல்வதால்தான் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன். தந்தத்துச் சுரூபங்கள் முன்னால் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சின்ன விரலில் நகம்கூடச் செதுக்கியிருந்தான் எவனோ. எல்லாரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

3. பலகை

வெளியே வந்தால் பலகை காலி. ஒரு சப்பாத்துகூட இல்லை.

மணி பன்னிரண்டரை. ஒன்றரைக்கு ஜெட்டித் துறையிலிருந்து கப்பலுக்குப் போகும் லாஞ்சுப் படகு, இரண்டுக்குக் கப்பல் கிளம்பிவிடும். வெறுங்காலோடே மணிக்கூண்டுப் பக்கம் ஓடினேன். சவரிமுத்து அண்ணன் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

"தம்பி! வெள்ளக்காரங்களுக்கு என்னா மனசு! அத்தன சப்பாத்தும் அந்தோணியாருக்கே காணிக்கை வச்சிட்டாங்களே! அவுங்க பேருக்கு ஒரு மன்றாட்டும் சொல்லிட்டேன்."

"என்னாண்ணே சொல்றீங்க? எங்க சப்பாத்து?"

"இன்னைக்குச் செவ்வாக்கிழம, அந்தோணியார் நாளு இல்ல? ஏழைங்களுக்குன்னு ரொட்டி, துணிமணி எல்லாம் அந்தப் பலகையிலதான் வப்பாங்க. மத்தியானம் மணியடிச்சு நான் பங்கு வச்சிருவேன். இன்னைக்கு மழையில வேறொண்ணும் வரல, சப்பாத்துதான். வந்தவங்களுக்கு ஒரே சந்தோசம் போ!"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. "ஐயோ, புனிதர் பேர்ல குடுத்தத நான் எப்படித் திருப்பிக் கேப்பேன்?" என்றார்.

நானே கேட்டேன். வாசலில் ஒரு தாத்தா பழுப்பு பூட்சை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெஞ்சினேன்.

"அந்தோணியார் குடுத்தாரு. வேணும்னா அவரு வந்து கேக்கட்டும். நீ யாரு?" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் புல்லறுக்கும் கிழவி ஒருத்தி, மூக்குக்கண்ணாடி துரைசானியின் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தைப் போட்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். துரைசானி என் பின்னாலேயே வந்துவிட்டாள். நடந்ததை உளறிக் கொட்டினேன். கிழவியின் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"ஏழைகளுக்குக் கொடு என்று எனக்கு ஐம்பது வருஷமாகச் சொல்கிறார்கள். இவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் வாங்கிக்கொண்டதில்லை" என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பழுப்பு பூட்சைப் பறிகொடுத்த துரை மட்டும் சிரிக்கவில்லை. கப்பலில் வேறு ஜோடி இருக்கிறதல்லவா என்று அவள் அதட்டியதும் அடங்கினார்.

4. ஜெட்டி

வெயில் வந்து தார் ரோடு கொதிக்க ஆரம்பித்தது. வெறுங்காலோடு ஜெட்டியில் எப்படி நடத்திப் போவது? இரண்டு தெரு தள்ளிக் கட்டைச் செருப்பு செய்யும் சீனர் கடை ஞாபகம் வந்தது. மரத்தைச் செதுக்கி, மேலே ரப்பர் வாரை ஆணியடித்துத் தருவார். எல்லாருக்கும் அளவு கிடைத்தது, பழுப்பு பூட்சுக்காரருக்குத் தவிர.

"காக்கி பெசார் லா!" என்று கடைக்காரர் கத்தினார். கால் பெரிசாம். அவருக்கென்று புதுக் கட்டை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், அன்றைக்கு அந்தோணியாரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜெட்டிப் பலகைமேல் இறங்கினோம். பன்னிரண்டு ஜோடிக் கட்டைச் செருப்பு. டக்கு டக்கு டக்கு! கூலிகள் எல்லாம் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். லாஞ்சு பக்கத்தில் நின்ற பெரிய கிராணி, "மாட்டு வண்டியையா ஜெட்டியில விட்டானுங்க?" என்று திரும்பினார். பார்த்தவர் வாய் மூடவில்லை. பதினொரு பேரும் ஏறினார்கள். துரைசானி கையாட்டினாள். லாஞ்சு கிளம்பியது.

அப்புறம்தான் அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"என் சப்பாத்து எங்கடா?"

சொன்னேன். அவர் அந்தக் கோயில் சபைக்காரர்தான், பலகை எதற்கு என்று தெரிந்தவர்.

"எல்லாரும் ஏறிட்டாங்க. அதனால ஒன்ன வெரட்ட முடியல. இந்தக் கோலத்துல ஏத்திவிட்டதால நிரந்தரமாக்கவும் முடியல. மூணு மாசம் பாப்போம், போ."

அந்த மூன்று மாதம் செல்லம்மாவின் அப்பா என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். பெரிய கிராணிக்கு அதைவிடக் கஷ்டம். அவருடைய சப்பாத்து ஒரு ரிக்ஷாக்காரருக்குப் போயிருந்தது. அவரும் அதே பூசைக்கு வருகிறவர். ஞாயிறுதோறும் முன்வரிசையில் கிறீச் கிறீச்!

மூன்று மாதம் கழித்து அதே கப்பல் புதுப் பயணிகளோடு வந்தது. ஜெட்டியில் இறங்கியவர்கள் கையில் காகிதப் பொட்டலம். உள்ளே பழைய சப்பாத்து. கப்பலில் சாப்பாட்டு மேசைக்கு மேசை இந்தக் கதைதானாம். "புனிதருக்குச் சப்பாத்து வைக்கும் அந்தக் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப் போங்கள். அப்புறம் கட்டைச் செருப்புக் கடைக்கு" என்றார்கள். அம்பை நாய் பிடுங்கிய கதையைச் சொல்லும் வழிகாட்டிதான் வேண்டும் என்றும் கேட்டார்கள். பெரிய கிராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அன்றைக்கே வேலை நிரந்தரம் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்தவர் சாமி இருக்கும் இடத்துக்கு ஆள் கூட்டிப் போனால், படத்தின் பெயரைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வாசலில் கிடக்கும் பலகை எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

கல்யாணத்துக்குப் பெரிய கிராணி வந்திருந்தார். பரிசாக ஒரு பெட்டி கொடுத்தார். செல்லம்மாதான் பிரித்தாள். புதுக் கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி. மூடியின் உள்பக்கம் அவருடைய முத்து முத்தான ஆபீஸ் கையெழுத்தில் எழுதியிருந்தது: "செவ்வாய்க்கிழமை கழற்றாதே."