சித்தூரில் உயிர்த்தெழுந்த சீனக் குரு

படம் பார்த்தவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தை நான் காதில் வாங்குவதில்லை. இது கர்வம் என்று எங்கள் கிறிஸ்தவச் சபையில் பேசுகிறார்கள். பேசட்டும். ஒரு சீனக் கத்திச்சண்டைப் படத்தைப் பற்றி எங்கள் ஊரார் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தவள் நான். மறுபடி படித்துப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன்.

சித்தூருக்குப் படக் கொட்டகை கூடாரமாகத்தான் வரும். திருப்பதியில் சில வாரம் ஓட்டிவிட்டு, பலமனேர் சாலையோரத்து வெற்றுநிலத்தில் வந்து இறங்குவார்கள். சென்னைப் பட்டணத்தில் பேசும் படம் வந்து, பேசாத படங்களைக் கழித்துக் கட்டிய சமயம் அது. பட்டணம் கழித்தது எங்களுக்கு வரும். அப்படி வந்ததுதான் அந்தச் சீனப் படமும்.

எங்கள் சபையில் சினிமா விலக்கப்பட்டது. ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும் சபைப் பெரியவரான மூப்பர் அனுமதி கொடுத்தார். அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு சட்டம் கண்டுபிடிப்பார். நம் நாட்டுப் படம் என்றால் புராணம், புராணம் என்றால் சாமி, சாமி என்றால் பாவம். இதுவோ சீனாக்காரன் கதை. இதில் ராமனும் இல்லை, கிருஷ்ணனும் இல்லை. ஆகவே பாவமும் இல்லை. இந்தத் தீர்ப்பு வந்த சனிக்கிழமையே, பொழுது சாயும் முன் பாதிச் சபை கூடாரத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் போனதற்குக் காரணம் வேறு. நான் மிஷன் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சளி, ரத்தம், மலம் ஆகியவற்றைக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்டதை எழுதுவது என் வேலை. அதற்கென்று பட்டணத்தில் ஒரு வருஷம் படித்தவள். வந்த வரன்களெல்லாம் இந்த வேலையைக் கேட்டதும் முகம் சுளித்துத் திரும்பியவை. இப்போது வந்த ஒருவர் மட்டும் விதிவிலக்கு. திருப்பதி மிஷன் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலை செய்யலாம் என்று தன் கைப்படவே எழுதியிருந்தார். மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குத் தாயாரோடு வருகிறார்; எங்கள் வீட்டில் சாப்பாடு; அன்று மாலைக்குள் நான் பதில் சொல்லவேண்டும். முடிவு என்னுடையது என்று என்னைப் பெற்ற நைனா சொல்லிவிட்டார். என் மனதில் முக்கால் பங்கு சம்மதம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சீனப் படத்தைத் திருப்பதியில் இரண்டு தடவை பார்த்ததாகவும் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பேச ஒரு விஷயம் இருக்கட்டும் என்று போனேன்.

படம் எந்தச் சக்கரவர்த்தி காலத்துக் கதையோ தெரியாது. நீளச் சட்டைக்கையும் அகலக் கச்சையுமாக எல்லாரும் கூரைமேல் ஓடினார்கள். வெள்ளைத் தாடியோடு ஒரு குரு. அவருக்கு ஒரு சீடன். கால்சட்டை போட்டுக்கொண்டு கத்தி வீசும் ஒரு பெண். பழி தீர்க்க வரும் ஒரு தடியன். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்ற விளக்கக்காரர், ஒரு வாக்கியம் தெலுங்கிலும் ஒரு வாக்கியம் தமிழிலுமாகக் கதை சொன்னார். படச்சுருள் ஒன்று முடிந்ததும் விளக்கேற்றி அடுத்த சுருளை மாட்டுவார்கள். மூன்று சுருள் வரை ஒழுங்காகப் போயிற்று.

நான்காவதில், முன்பின் எதுவும் இல்லாமல் குரு செத்துக் கிடந்தார். சீடன் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அழுதான். ஐந்தாவதில் அதே குரு உட்கார்ந்து தேநீர் குடித்தார். சீடனுக்குக் கையில் கட்டு இல்லை. அந்தச் சுருளின் முடிவில்தான் தடியன் அவன் இடது கையில் வெட்டினான். இதற்குமேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஐந்து முன்னால் வந்திருக்கவேண்டும், நான்கு பின்னால்.

விளக்கக்காரர் திரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பிரம்பை ஓங்கி, "சூடண்டி, பாருங்க! செத்த குரு எழுந்துக்கினாரு! சீடனோட கண்ணீருக்கு எறங்கி வந்துட்டாரு!" என்றார். கூடாரம் கைதட்டியது.

படம் காட்டும் இயந்திரம் பெண்கள் பக்கத்துத் தடுப்புக்கு அருகில் இருந்தது. வெளியே போகும்போது அதை ஓட்டுகிறவரிடம் நின்று கேட்டேன், மூன்றுக்குப் பிறகு சுருளை எப்படி எடுத்தீர்கள் என்று. அவர் மறைக்கவே இல்லை.

"திருப்பதிலருந்து வர்ற வழில பாகாலாகிட்ட மழைல ஊறி நம்பர் சீட்டெல்லாம் உளுந்துட்ச்சிம்மா. டப்பா மேல சீனத்து எழுத்துதான் கீது. ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு வரிக்கும் தெரிஞ்சிக்கினேன். அதுக்கு மேல கைக்கு வந்தத மாட்டிக்கினு போறேன்."

யாரும் கேட்கவில்லையா என்றேன்.

"யாரு கேக்கறாங்க? கைதட்டிக்கினு போறாங்க."

அன்று அந்தக் கூடாரத்தில் நான் மதித்த ஒரே மனிதர் அவர்தான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

மறுநாள் ஆராதனை முடிந்து கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் அபிப்பிராயங்கள் திறந்தன. மூப்பர் தொடங்கி வைத்தார். வேதம் அறியாத சீனனுக்கும் உயிர்த்தெழுதலின் நிழலைக் கர்த்தர் காட்டியிருக்கிறார் என்றார். படத்தைப் பார்க்காத எங்கள் பாதிரி ஐயர், நல்ல கருத்து, அடுத்த பிரசங்கத்தில் சேர்க்கிறேன் என்றார். வெல்லமண்டிக்காரர் ஒருவருக்கு இது தெய்வ காரியமாகப் படவில்லை. இமயமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மூலிகை இருக்கிறது, தேநீரில் அதைத்தான் போட்டார்கள் என்றார். குடித்ததால் பிழைத்தாரா, பிழைத்ததால் குடித்தாரா என்று அவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர், தாங்கள் கண்ட குருவின் முகப்பிரகாசத்தை வர்ணித்தார்கள். அந்தப் பிரகாசம் சுருளில் இருந்த கீறல்.

தையல் டீச்சரம்மா மட்டும் வேறொன்று சொன்னார். "அந்தப் பையன் சட்டைக் கை மொதல்ல தைச்சிருந்திச்சி, அப்பறந்தான் கிழிஞ்சிச்சி. இன்னா தையக்காரனோ." கண்ணில் பட்டது சரி. பழியை மட்டும் கொண்டுபோய்த் தையற்காரன் தலையில் போட்டார். ஆனாலும் அவர் ஒருவர்தான் படத்தைப் பார்த்திருந்தார். மற்றவர்கள் விளக்கக்காரரைக் கேட்டிருந்தார்கள்.

திருப்பதி வாத்தியார் ஆண்கள் பக்கம் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடி, இஸ்திரி போட்ட கோட்டு, அளவான மீசை. மூப்பர் அவரைத் தோளில் தட்டி முன்னால் இழுத்தார்.

"இன்னா தம்பி, நீங்களும் ரெண்டு வாட்டி பார்த்தீங்களாமே. குரு எழுந்து வர்ற எடம் எப்பிடி?"

"எழுந்து வரலீங்களே ஐயா," என்றார் அவர், மரியாதையாக. "மொதல்ல உயிரோட இருக்காரு. கடசிலதான் சாவறாரு."

எனக்குள் மீதமிருந்த கால் பங்கும் அந்த நொடியில் அவர் பக்கம் சாய்ந்தது. இருபது பேர் நடுவில், ஊருக்குப் புதியவர், பெண் பார்க்க வந்தவர், கண்டதைக் கண்டபடி சொன்னார். இதைவிட ஒரு வரனிடம் நான் வேறென்ன கேட்பேன்?

முற்றமே அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு.

"தூங்கிட்டீங்களா தம்பி?" என்றார் மூப்பர்.

"திருப்பதில மொட்டை போட்டுக்கினு வந்து முன்னாடி ஒக்காந்திருப்பானுங்க," என்றார் மண்டிக்காரர். "சந்தன மண்டை மறைச்சிருக்கும், பாவம்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தாயார், பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மழையில் விழுந்த நம்பர் சீட்டின் கதையை அப்போதே சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். வேண்டுமென்றேதான் காத்திருந்தேன். துணை இல்லாமல் அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டும் நேரம்தான் நின்றார்.

"இருக்கலாம் ஐயா. நான் பின்னாடி ஒக்காந்திருந்தேன். இப்ப யோசிச்சிப் பார்த்தா, எழுந்த மாதிரிதான் இருக்குது."

அதோடு விட்டிருந்தால்கூடக் கோழைத்தனம் என்று ஒதுக்கியிருப்பேன். அவர் விடவில்லை. குரு எப்படி முதலில் விரலை அசைத்தார், எப்படிக் கண்ணைத் திறந்தார், சீடன் எப்படிப் பின்வாங்கினான் என்று சொல்லிக்கொண்டே போனார். அப்படி ஒரு காட்சி சித்தூரிலும் இல்லை, திருப்பதியிலும் இல்லை, சீனாவிலேயே இல்லை. சபை தலையாட்டியது. மூப்பர் அவர் தோளை மறுபடி தட்டினார்.

அப்போதுதான் நான் பேசினேன். சீட்டு விழுந்ததையும், கோடுகளையும், நான்கும் ஐந்தும் மாறியதையும், கைக்கட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூப்பர் அசையவில்லை. "பாப்பா, படம் ஓட்டறவனுக்கு இன்னா தெரியும்? எந்த வரிசைல வந்தாலும் சத்தியம் சத்தியந்தானே," என்றார். கோர்ட்டில் இவர் வழக்குக் காகிதங்களை எந்த வரிசையில் கட்டினாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியாரின் முகம் மட்டும் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நானும் மொதல்ல அதத்தானே சொன்னேன்," என்றார்.

சாப்பாட்டின்போது அவர் நன்றாகவே நடந்துகொண்டார். அம்மாவின் குழம்பைப் பாராட்டினார்; உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவர் தாயார் சொன்னதும், ஆமாம், கொஞ்சம் தூக்கல்தான் என்றார். அவர்கள் வண்டியேறிய பிறகு நைனா என்னைத் தேடிக் கொல்லைப்பக்கம் வந்தார்.

"வேணாம் நைனா," என்றேன்.

"ஏம்மா? இன்னா கொறை?"

"அவரு கண்ணால பார்த்தத அவரே இல்லன்னு சொல்லிட்டாரு."

"ஒரு படத்துக்காவா? பெரியவங்க முன்னாடி விட்டுக்குடுத்தாரு. அது மரியாதமா."

"விட்டுக்குடுத்திருந்தா சும்மா இருந்திருப்பாரு. வெரல் அசைஞ்சிச்சின்னு சொன்னாரு."

நைனா துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தார். அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருப்பவர். என் வயதையும், வந்துபோன வரன்களையும் என்னைவிடச் சரியாக எண்ணி வைத்திருப்பவர். சம்பளம், குணம், குடும்பம், படிப்பு என்று அவர் பக்கத்து நியாயங்களை அடுக்கினார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. எல்லாம் உண்மை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பயம். அதைச் சொன்னேன். நான் வேலை செய்யலாம் என்று ஒப்புக்கொண்டதும் இதே மனிதர்தான். நாளைக்குத் திருப்பதியில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, உன் பெண்சாதி ஊரார் சளியைத் துடைக்கிறாளாமே என்று கேட்பார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மாட்டும்போது, வேலைக்கு அனுப்புகிறேன் என்று தான் சொன்னதே இல்லை என்று அவருக்கு ஞாபகம் வந்துவிடும். கடிதத்தை எடுத்துக் காட்டினால், நானும் அதைத்தானே சொன்னேன் என்பார்.

நைனா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். பிறகு, "இத எப்பிடிம்மா நான் எழுதறது?" என்றார்.

இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள் என்றேன். அவரால் முடியவில்லை. பெண் இன்னும் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் அனுபவம் பெற ஆசைப்படுகிறாள், அதுவரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமென்று எண்ணுகிறோம் என்று எழுதினார். அந்த மனிதர் காத்திருப்பதாகச் சொல்லி எழுதிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளூர ஒரு கலக்கம் இருந்தது. வாரம் முடிவதற்குள் பதில் வந்தது. தங்களுக்கும் முதலிலிருந்தே அதே எண்ணம்தான் என்றும், ஒருவேளை வேறு இடம் அமைந்தால் எங்களுக்கு வருத்தம் இருக்காதென்று நம்புவதாகவும், அவரே தன் கைப்பட எழுதியிருந்தார்.

நைனா அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். அந்த இடத்தைப் பற்றி அதன் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை.