ஐந்தாவது எலுமிச்சம்பழம்

அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தவரை, ஒவ்வொரு கோடையிலும் காரில் ஏலகிரி போகத் திட்டம் போடுவோம். மலைப்பாதை என்றாலே அம்மாவுக்குக் குமட்டும். அதனால் முன் சீட்டும், முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழமும் அவளுக்கு என்பதுவரை பேசி முடித்துவிடுவோம்.

“ஷிப்ட் மாறட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பார் அப்பா. இவர் ரெண்டு நாள் போகாவிட்டால் பிளாண்ட்டே நின்றுவிடுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அம்மா இறந்த மறு வருஷம், அவரே லீவு போட்டுக் கிளம்பச் சொன்னார். காலையில் கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்தார்.

“எதுக்குப்பா அஞ்சு வாங்கின?” என்றாள் தங்கை.

அவள் கேட்ட பிறகுதான் அப்பா தன் கையைப் பார்த்தார்.