லேசர் கண்ணாடியில் குங்குமம்

இன்று காலை மார்க்கையன்கோட்டையில், என் பக்கத்து வயல்காரர் பேச்சியம்மாளின் நிலத்தைச் சமப்படுத்தினார்கள். கிழக்கு மூலை மேடு. அங்கே தண்ணீர் ஏறாமல் வருடாவருடம் நாற்று காய்ந்துவிடும்.

வரப்பில் முக்காலி மேல் ஒரு லேசர் கருவி. டார்ச் வெளிச்சம் போகப் போக விரியும். லேசர் மெல்லிய கோடாகவே போகும். அது சுழன்று வயல் முழுக்க ஒரே மட்டம் காட்டும். டிராக்டர் வாளியில் உள்ள உணரி அந்தக் கோட்டைப் பிடிக்க, அதே மட்டத்துக்கு வாளி மண்ணை வெட்டும்.

கிழக்கு மூலையில் மட்டும் வாளி அசையவில்லை.

"இங்கன சிக்னல் கிடைக்கலக்கா. மத்தியானம் குச்சனூர்ல வேலை இருக்கு, கெளம்பணும்" என்றார் டிரைவர்.

"அந்த மூலைக்குத்தானய்யா ஒன்னையக் கூப்பிட்டதே!" பேச்சியம்மாளின் குரல் உடைந்தது.

நான் கருவியருகே போய்ப் பார்த்தேன். கிழக்குப் பக்கக் கண்ணாடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"வேலை தொடங்குமுன்ன கிழக்குப் பக்கந்தான சார் பொட்டு வைப்பாக?" என்றார் பேச்சியம்மாள்.

"கண்ணுலயா வைப்பாக?" என்று டிரைவர் சிரித்துவிட்டார்.

பேச்சியம்மாள் முந்தானையை நனைத்துத் துடைத்தார். வாளி இறங்கியது. மதியத்துக்குள் மேடு போய்விட்டது.

நான் சிரிக்கவில்லை. போன ஆயுத பூஜைக்கு என் செல்போன் கேமராவில் நானே பொட்டு வைத்தேன். வெளியூரில் இருக்கும் மகளுக்கு வீடியோ காலில் இரண்டு நாளும் நான் சிவப்பாகவே தெரிந்தேன்.

உங்கள் வீட்டில் எதன் கண்ணை மறைத்தீர்கள்?