பச்சைப் பெட்டி இருந்த இடம்

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அந்தக் கம்பெனிக் கைப்பேசியை "உன் போன்" என்றுதான் சொல்வார்கள். ஏதோ கம்பெனியில் எனக்குப் பங்கு இருப்பது போல. அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை. முதன்முதலில் அந்த போனை வாங்கிய நாளிலிருந்து வேறொன்றை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கல்யாண வீடோ கருமாதி வீடோ, யாராவது வேறு போனை வைத்துக்கொண்டு திண்டாடினால் என் வாய் சும்மா இருக்காது. "இதை வாங்குங்க, ஒண்ணும் படிக்க வேணாம், விரலே பழகிக்கும்" என்பேன்.

அதை நம்பி வாங்கியவள் என் அக்கா.

அக்கா மலேசியாவில் லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரில் மகளோடு இருக்கிறாள். காலையில் பக்கத்து டவுன் குளுவாங்குக்கு வேலைக்குப் போகும் மகள் இருட்டின பிறகுதான் வீடு திரும்புவாள். அதுவரை அக்கா தனி. சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருந்தது. முதலில் பேப்பர் படிப்பது நின்றது, பிறகு டிவி, கடைசியில் அடுப்பைப் பற்றவைக்கவும் மகள் தடை போட்டுவிட்டாள். யார் துணையும் இல்லாமல் அவள் செய்ய மிச்சமிருந்த ஒரே காரியம் எனக்கு போன் போடுவது. போன் திரையின் கீழ் வரிசையில் இடது மூலையில் பச்சைப் பெட்டி. அதைத் தொட்டால் அடுத்த பக்கத்தில், கீழே நடுவில், என் முகம். இரண்டு அழுத்து, அவ்வளவுதான். நிறம் தெரிந்த காலத்தில் பழகிக்கொண்டாள். பிறகு பச்சையும் மங்கிப்போனது. ஆனாலும் கட்டைவிரல் வழி தவறவில்லை.

நான் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்பவன். மத்தியானம் கேன்டீனில் தட்டோடு உட்காரும்போது போன் அடிக்கும்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிடத்தான் உட்கார்ந்தேன்க்கா."

"இன்னைக்கும் நாசி கோரேங்கா? வயித்தைக் கெடுத்துக்கப்போற."

வேறு விசேஷம் ஒன்றும் இருக்காது. வைத்துவிடுவாள்.

போனுக்குள் புது அமைப்பு வருகிறது என்று கம்பெனி அறிவித்தபோது, தீபாவளிச் சட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நான் காத்திருந்தேன். வந்தது. போட்டுப் பார்த்தேன். மழை நாளில் பஸ் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்ப்பது போல இருந்தது. பெட்டிகள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டன. பச்சை, நீலம் எதுவும் இல்லை. எழுத்துக்குப் பின்னால் படம் தெரிகிறது, படத்துக்குப் பின்னால் இன்னொரு எழுத்து நெளிகிறது. காலை வெயிலில் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு, எதை அழுத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தவனை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

அதே வாரம், சார்ஜில் கிடந்த அக்காவின் போனும் தானாகவே மாறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். கீழ் வரிசை கலைந்திருந்தது. பச்சைப் பெட்டி இருந்த மூலையில் கேமரா உட்கார்ந்திருந்தது. போன் பெட்டியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடியும் கேமரா. நாம் அடிக்கடி தொடுவதை அதுவே கண்டுபிடித்து முன்னால் கொண்டுவந்து வைக்குமாம். புத்திசாலித்தனமாம். அதை நிறுத்த வழி தேடித் தேடிச் சலித்துப்போனேன். வாயால் சொன்னால் போன் போடும் வசதியையும் வைத்துக் கொடுத்தேன். "தம்பிக்குப் போன் போடு" என்று அக்கா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அது இங்கிலீஷில் மன்னிப்பு கேட்டது.

"அலமாக், இதுக்குக் காதும் இல்லையா?" என்றாள்.

ஜோகூர் பாருவில் ஒரு சர்வீஸ் கவுண்டருக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெண் தமிழ்ப் பெண்தான். மரியாதையாகப் பேசினாள்.

"பழசுக்குப் போக முடியாது அங்கிள். எல்லாருக்கும் இதேதான். கொஞ்ச நாள்ல பழகிரும் லா."

"கண்ணு தெரியாதவங்களுக்கு எப்படிம்மா பழகும்?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவின் போனைப் பார்த்தாள். "கம்பெனிக்கு எழுதிப் போடுங்க அங்கிள்," என்றாள். எழுதினேன். நான் எவ்வளவு பழைய வாடிக்கையாளன் என்பதையும் சேர்த்து எழுதினேன். என் கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பட்டன் போன் வாங்கித் தருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

"பார்வை இருந்தப்போ பழகுனதுடா இது. இன்னொண்ணை இனி எதைப் பார்த்துப் பழகுறது? விடு. நீயே கூப்பிடு. நான் இனி அந்தச் சனியனைத் தொடுறதா இல்ல."

அன்றிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான்தான் கூப்பிட்டேன். மணி அடித்தால் எடுப்பதற்கு மகள் எப்படியோ பழக்கிவிட்டிருந்தாள். மத்தியானம் கேன்டீனில் என் போன் அடிப்பது நின்றுபோனது. எனக்கோ அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பழகிவிட்டன. அந்தப் பெண் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு எரிச்சல்தான்.

ஒருநாள் பஸ்ஸில், போனில் இடம் போதவில்லை என்று செய்தி வந்தது. அழிக்கலாம் என்று படங்களைத் திறந்தேன். நான் எடுக்காத படங்கள் நிறையக் கிடந்தன. சிமெண்டுத் தரை. மங்கலாக ஒரு கால். சாய்ந்த ஜன்னல். மறுபடி தரை, மறுபடி சாய்ந்த ஜன்னல். புது அமைப்பின் கோளாறு என்று நினைத்து, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். அழிக்கப்போன நேரத்தில் ஜன்னலில் இருந்த திரை கண்ணில் பட்டது. அக்கா வீட்டுத் திரை.

வாங்கிய புதிதில், இரண்டு பாஸ்வேர்டு எதற்கு என்று அவள் போனையும் என் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். அவள் போனில் விழும் படம் என் போனுக்கும் வந்துவிடும்.

எல்லாமே மத்தியானத்தில் எடுத்தவை. பச்சைப் பெட்டி இருந்த மூலையில் முதல் அழுத்து. அங்கே இப்போது கேமரா. என் முகம் இருந்த இடத்தில் இரண்டாவது அழுத்து. அங்கே படம் எடுக்கும் பொத்தான். தரை படமாகிவிடுகிறது. பிறகு போனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறாள். கன்னம் பட்டு ஜன்னல் படமாகிறது. நான் பேசுவேன் என்று காதில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் தொடத் தொட, இவளுக்குப் படம் எடுப்பதில்தான் ஆசை என்று அந்த போன் கேமராவை அதே மூலையில் பிடித்து வைத்துக்கொண்டது.

பஸ்ஸில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"அக்கா, மத்தியானம் எனக்குக் கூப்பிட்டுப் பார்த்தியா?"

"இல்லியே. நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா," என்றேன்.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் சாப்பாட்டைத் தொடாமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. முதலில் தரை வந்தது, பிறகு ஜன்னல்.